அவர் கையில் கட்டிய கயிறு

எங்கள் வீட்டில் விஸ்கி குடிப்பது நான்தான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

என் கணவர் குடிப்பதில்லை. அரிஷ்டம் குடித்தாலே அவருக்குத் தலை சுற்றும். இருமல் மருந்தை மூடியில் ஊற்றி வைத்துக்கொண்டு, சாப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஆனால் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் யாரையாவது நிறுத்தி அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "தங்கமான மனுஷன், என்ன, சாயங்காலம் ஆனா கொஞ்சம் தண்ணி போடுவாரு" என்பார்கள். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அதனால் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். அந்த நடையையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளி. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்பீஸ் தூசியோடு, "யார் அங்க பேசறது?" என்று கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். எனக்கு விஸ்கியைப் பழக்கியது என் பெரியம்மா மகள். அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றி வைப்பது வழக்கம். அபெரித்திஃப் என்பார்கள். ஆண் பெண் வித்தியாசம் பார்க்கமாட்டார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் அக்கா என் கையில் ஒரு கிளாஸைத் திணித்தாள்.

"சும்மா மோந்து பாரு. புடிக்கலன்னா கீழ ஊத்திடு."

பிடித்துவிட்டது. அதுதான் பிரச்சினை. முதலில் வந்தது புகை வாசனை. சின்ன வயதில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சுள்ளி போட்ட ஞாபகம். அப்புறம் மருந்து வாசனை. அதற்கும் பின்னால், சொன்னால் சிரிப்பீர்கள், பிள்ளைச்சாவடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வரும் கருவாட்டு வாசனை. தொண்டையில் இறங்கியபோது கண்ணில் நீர் வந்தது. நான் கீழே ஊற்றவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டால் வேறு வாசனை வரும் என்று அக்கா சொன்னாள். விட்டுப் பார்த்தேன், வந்தது. பள்ளிக்கூட லேபில் முப்பட்டகத்தில் வெளிச்சம் ஏழாகப் பிரிவதை முதல்முறை பார்க்கும் பிள்ளை வாயைப் பிளக்குமே, அப்படித்தான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தலை சுத்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "எனக்குத்தான் சுத்தும்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அதன்பிறகு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கிளாஸ் என்று ஆனது. சில சமயம் ஞாயிறும் சேர்ந்துகொள்ளும். யார் போய் வாங்குவது என்ற கேள்வி வந்தது. புதுச்சேரியில் திரும்பின பக்கமெல்லாம் கடை. பெங்களூரிலிருந்து வரும் பெண்கள் அரைக்கால் சட்டையோடு உள்ளே போய், தக்காளி பொறுக்குவதைப்போல பாட்டில் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெளியூர்ப் பெண் வாங்கினால் அது டூரிசம். உள்ளூர் டீச்சர் வாங்கினால் அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் ரூமுக்குச் செய்தி வந்துவிடும். அதனால் என் கணவர் போனார். மஞ்சப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். நான் சொல்லியனுப்பிய பெயரை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய், கடைக்காரனிடம் தப்பாகச் சொல்வார். அவன் திருத்திக் கொடுப்பான். திரும்பி வந்து, கவிச்சி வாங்கிவந்த சைவக்காரரைப்போலப் பையை இரண்டு விரலால் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

இப்படித்தான் ஊருக்கு அவர் குடிகாரர் ஆனார். ஊர் அப்படி நினைத்தபிறகு மற்றதெல்லாம் தானாக நடந்தது. மின்துறையில் அவரோடு வேலை பார்த்தவர் சிங்கப்பூர் போய்வந்தபோது அவருக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அவருடைய தங்கை மகன் துபாயிலிருந்து மாமாவுக்கு என்று ஒன்று. ரிடையர் ஆனபோது ஆபீசில் சேர்ந்து வாங்கிய ஒன்று, சால்வையோடு. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லி, வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் கொடுத்துவிடுவார். நானும் வாங்கிக்கொள்வேன். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை. வசதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

பாட்டில்கள் சேரச் சேர எனக்கு ஆசை பெருகியது. ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி செய்யச் சொன்னேன். ஒயின் பாட்டிலைப்போல விஸ்கியைப் படுக்கவைக்கக் கூடாது, தக்கை ஊறிப்போகும். நிற்கவைக்க வேண்டும். வெயில் படக் கூடாது. அதனால் மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைத்த அலமாரியை ஆள் வைத்து உள்சுவருக்கு நகர்த்தினேன். பாதிக்குக் கீழே இறங்கின பாட்டிலில் காற்று ஏறி ருசி போய்விடும், அதை முதலில் காலி செய்ய வேண்டும். இதெல்லாம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. மேல் தட்டில் ஸ்காட்லாந்து, நடுவில் ஜப்பானும் அயர்லாந்தும், கீழே நம் நாட்டுச் சரக்கு. நம் நாட்டுச் சரக்கில் ஒன்றில் பேரீச்சம்பழ வாசனை வரும், அதை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அலமாரிக்குள் சின்ன லைட்டும் போட்டேன். நவராத்திரிக்குக் கொலு வைக்காத வீடு எங்களுடையது. விஸ்கிக்கு வைத்துவிட்டேன்.

வருகிறவர்கள் பார்ப்பார்கள். "சார் கலெக்‌ஷன் பிரமாதம்" என்பார்கள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அந்த இடத்தில் எனக்குச் சின்ன எரிச்சல்கூட வரும், பாராட்டு இடம் மாறிப் போகிறதே என்று. பழி இடம் மாறிப் போனதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

மகளுக்கு வரன் வந்தபோதுதான் நினைக்க வேண்டிவந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பையன் சென்னையில் வேலை. அப்பா இல்லை. அம்மாதான் நிலத்தைப் பார்த்து, பையனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். பையனும் என் மகளும் ஏற்கெனவே பேசிப் பழகி, ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய், அப்புறம்தான் எங்களிடம் வந்தார்கள். மகள் அவனைத் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை என்று இருந்தாள்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் என் கணவர் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதை ஒரு பெட்ஷீட் போட்டு மூடிடலாமா?"

"எதுக்கு? பாண்டிச்சேரியில பாட்டில் இல்லாத வீடு எது? மூடினாதான் சந்தேகம் வரும். கலெக்‌ஷன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

உண்மை என்னவென்றால், மூட எனக்கு மனசு வரவில்லை. விழுப்புரத்துக்காரர்கள் பார்த்து அசரட்டுமே என்றுகூட ஒரு நப்பாசை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் போகும்போது "ஒரு பாட்டில் கிடைக்குமா" என்று காதோடு கேட்பதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம். பாட்டிலைப் பார்த்து முகம் சுருங்கும் விருந்தாளி ஒருத்தர் வருவார் என்பது பாண்டிச்சேரிக்காரியான என் புத்திக்கு எட்டவில்லை.

அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த கை. உட்கார்ந்ததும் அலமாரியைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை. கேசரி கொடுத்தோம், கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே, நான் படிக்காதவ, மனசுல வச்சிக்கத் தெரியாது. வர்றதுக்கு முன்னாடி தெருமுனையில துணி தேய்க்கிறவருகிட்ட விசாரிச்சேன். உங்கள அவ்ளோ நல்லவிதமா சொன்னாரு. சாயங்காலம் குடிப்பாருன்னும் சொன்னாரு. இங்க வந்து பார்த்தா..." என்று அலமாரியைக் காட்டினார். "பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. எம்புள்ளைக்கும் புடிச்சிருக்கு. ஆனா இன்னொரு குடிகாரரை என் குடும்பத்துல சேக்க எனக்குத் தெம்பு இல்ல."

என் மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சனிக்கிழமைகளில் எனக்கு முந்திரி வறுத்துக் கொடுப்பதே அவள்தான். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். குடிப்பது அவரில்லை, நான். சொன்னால் என்ன ஆகும் என்று மனசு அதற்குள் ஓட்டிப் பார்த்துவிட்டது. குடிகார அப்பனையே சகிக்காதவர், குடிக்கிற அம்மாவை எங்கே வைப்பார்?

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் அந்த அம்மாவைப் பார்த்து, "விட்டுடறேன்மா" என்றார்.

குடிக்காத மனுஷன் குடியை விட்டுவிடுகிறேன் என்கிறார். நான் காபி கொடுத்தேன்.

"எங்க ஊரு பக்கம் அம்மன் கோயில் ஒண்ணு இருக்குதுண்ணே. அங்க கயிறு கட்டிக்கினா சத்தியம். கட்டிக்குவீங்களா?"

"கட்டிக்கிறேன்மா."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்ளரை வைக்கும் சாக்கில் என் பின்னாலேயே சமையல்கட்டுக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சொரசொரப்பான கை.

"எத்தினி வருஷமா சகிச்சிக்கினு இருக்கீங்க?"

"ரொம்ப வருஷமா" என்றேன். நானாகத்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை.

அவர் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். கரும்புக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், மோட்டார் கொட்டகை வாசலில் குப்புற விழுந்து கிடந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்துப் பையன் தட்டி எழுப்பப் போனானாம். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். நடிக்கவில்லை, நிஜக் கண்ணீர்தான் வந்தது. பயமா, மகள் கல்யாணம் தப்பித்த நிம்மதியா, வெட்கமா, தெரியவில்லை. அந்தக் கண்ணீரை அவர் குடிகாரன் பெண்டாட்டியின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொள்ளவிட்டேன். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அவர்கள் போனபிறகு மகள் கொதித்தாள்.

"நான் அவர்கிட்ட உண்மைய சொல்லிடறேன்மா. அப்பா எதுக்கு இதை சுமக்கணும்?"

"கல்யாணம் முடியட்டும். நானே சொல்றேன்" என்று கெஞ்சினேன்.

"விடும்மா" என்றார் அவள் அப்பா. "எனக்கென்ன, குடிக்காம இருக்கணும், அவ்ளோதானே? கஷ்டமா என்ன?" மகளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்தேன்.

கோயிலுக்கு நானும் போனேன். கயிறு கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சிவந்த கண்ணும் நடுங்கும் கையுமாக ஆண்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு அம்மா அல்லது ஒரு பெண்டாட்டி. அந்த வரிசையில் வெள்ளை வேட்டி கட்டி, பட்டையாகத் திருநீறு பூசி என் கணவர். பக்கத்தில் நான். பார்க்கிறவர்கள் கண்ணில் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் இருந்திருக்காது. பூசாரி எல்லோரிடமும் ஒருமையில்தான் பேசினார்.

"எத்தினி மாசத்துக்குக் கட்டட்டும்?"

முன்னால் நின்றவர்கள் ஆடி வரைக்கும், பொங்கல் வரைக்கும் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர், "ஆயுசுக்கும்" என்றார். பூசாரி நிமிர்ந்து பார்த்தார். சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தொட மாட்டேன்னு சொல்லு."

"தொட மாட்டேன்."

கறுப்பும் சிவப்பும் முறுக்கின கயிறு அவர் வலது மணிக்கட்டில் ஏறியது. கட்டிக்கொள்ள வேண்டிய கை என்னுடையது, அது அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் சொல்லவில்லை. இப்போதுதானே போயிருக்கிறாள், கொஞ்சம் பழகட்டும் என்றேன். அப்புறம் தலைதீபாவளி முடியட்டும் என்றேன். ஒத்திப்போடுவதற்கு நம் ஊரில் பண்டிகைக்கா பஞ்சம்? மகள் போனில், "அத்தை என்னை ரொம்ப நல்லா பாத்துக்கறாங்கம்மா. குடிகார வீட்ல வளர்ந்த பொண்ணு, பாவம்னு பாத்துக்கறாங்க" என்பாள். கேலியாகச் சொல்கிறாளா, குத்துகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் வேறொரு சிக்கல் வந்தது. என் கணவர் கயிற்றை நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். தொட மாட்டேன் என்று சொன்னதால் பாட்டிலைத் தொடுவதில்லை. ஒட்டடை அடிக்கும்போது அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன்.

"சாமிகிட்ட சொல்லியிருக்கேன்ல" என்று விலகிப் போனார்.

"நீங்க எப்ப குடிச்சீங்க?"

"அது சாமிக்கும் தெரியும். சொன்னது சொன்னதுதானே?"

நானே எல்லாவற்றையும் எடுத்து பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அலமாரியில் மகள் பரிசாக வாங்கின கோப்பைகளை வைத்தேன். லைட்டைப் பிடுங்கச் சோம்பல், விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில் நிறுத்தியிருக்கலாம். சனிக்கிழமை ஒரு கிளாஸ்தான், வேண்டாம் என்றால் நாளைக்கே விட்டுவிடுவேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டவள் நான். கோயில் வரிசையில் நின்றவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பீரோவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பட்டுப்புடவைக்கு லேசாக அந்த வாசனை ஏறிவிட்டது. ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய், யார் பக்கத்திலும் உட்காராமல் திரும்பி வந்தேன்.

பாட்டில்கள் தீர்ந்தன. வாங்க ஆள் இல்லை. ஒரு நாள் பள்ளி விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போனேன். அங்கே யாருக்கு என்னைத் தெரியும்? ஹெல்மெட்டைக் கழற்றாமல் கவுன்டரில் நின்று, வேண்டியதைச் சொல்லிக் காசை நீட்டினேன். என் குரல் கேட்டுப் பக்கத்தில் நின்றவர் திரும்பினார். எங்கள் தெருக்காரர், நாலு வீடு தள்ளி இருப்பவர்.

"டீச்சர்... நீங்களா?" என்றார். ஹெல்மெட்டுக்குள் என் முகம் வேர்த்தது. அவர் என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார் மறுபடி ஆரம்பிச்சிட்டாரா? கயிறு கட்டியிருக்காருன்னு சொன்னாங்களே. உங்களயே அனுப்புறாரா? அடப் பாவமே."

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எடுத்துக்கொள்ள முடியாது. ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே சம்பந்தியம்மாவுக்கு எங்கள் தெருமுனைத் துணி தேய்ப்பவரோடு போன் பழக்கம். செய்தி அவர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தியம்மா விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். தோட்டத்துக் கத்திரிக்காய் ஒரு பை நிறைய. அதை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக என் கணவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அண்ணே, கயிறு கட்டிக்கினு குடிச்சா குடும்பத்துக்கு ஆவாதுண்ணே. எம்மருமவ இப்ப எனக்குப் பெத்த மகளாட்டம் இருக்கா. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன். உங்களால முடியலன்னா சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கு நானே இட்டுக்கினு போறேன். கூடவே இருக்கேன்."

அவர் கயிற்றைத் திருகிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். மறுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. செய்யாததற்குத் திட்டு வாங்கும் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ அறுந்துபோனது.

"சம்பந்தியம்மா, அவர் குடிக்கல. குடிக்கிறது நான். எப்பவும் நான்தான்."

அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"நானும் இப்படித்தான் சொன்னேன் சம்பந்தி. வீட்டுல சாராய வாடை அடிச்சப்ப, பல்லு வலிக்கு நான்தான் வாயில ஊத்திக்கினேன்னு எங்க மாமியாகிட்ட சொன்னேன். புருஷன விட்டுக்குடுக்க மனசு வராது. எனக்குத் தெரியாதா?"

உண்மையைச் சொல்லியும் நல்ல பெண்டாட்டி என்ற பெயர்தான் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு அப்படியே இருந்துவிடலாம் என்று அந்த நிமிஷமும் ஒரு புத்தி சொன்னது. நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து பாட்டிலையும் என் கிளாஸையும் எடுத்து வந்தேன். ஊற்றினேன். எப்போதும் விடும் அளவுக்குத் தண்ணீர் விட்டேன். பழகின கை, கிளாஸை லேசாகச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. காலை வெளிச்சத்தில், கத்திரிக்காய்ப் பைக்குப் பக்கத்தில் நின்று முழுசாகக் குடித்து முடித்தேன். முகம் சுளிக்கவில்லை. சுளிக்காததில்தான் அவருக்குப் புரிந்தது.

சம்பந்தியம்மா என் கணவரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிக்குங்கண்ணே. உங்கள எந்த வரிசையில கொண்டாந்து நிக்க வச்சிட்டேன்."

"அட, விடுங்கம்மா" என்றார் அவர்.

கத்திரிக்காயைக் கொட்டிவிட்டு, பையை உதறி மடித்துக்கொண்டு வாசல்வரை போனவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"குடிக்கிறது உங்க இஷ்டம் சம்பந்தி. அது எனக்குப் புரியாது, விடுங்க. அன்னிக்கு சமையல்கட்டுல என் கையப் புடிச்சிக்கினு அழுதீங்களே. அது யாருக்காவ?"

கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனார். நான் கேட்டுக்குள் நின்று பார்த்தேன். முழங்கால் வலியோடு அவர் சாய்ந்து சாய்ந்து நடந்தார். தெருமுனையில் துணி தேய்ப்பவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த நடையைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்து, வருத்தமாகத் தலையை ஆட்டினார். சம்பந்தியம்மா நின்று அவரிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். என் கணவர் கயிறு கட்டின கையைத் தூக்கி, வேண்டாம் என்று காட்டுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. இருவரும் திருப்பத்தில் மறைந்தார்கள்.

கேட்டைத் திறந்துகொண்டு தெருமுனை வரை நான் போயிருக்க வேண்டும். ஐம்பது அடிகூட இருக்காது. தாழ்ப்பாள்மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வாயில் இன்னும் அந்த வாசனை இருந்தது. துணி தேய்ப்பவர் பக்கத்தில் போனால் அவருக்கும் தெரிந்துவிடும் என்று அப்போதும் பயந்தேன்.

இதைக்கூடப் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் இன்றைக்கும் குடிகாரர் அவர்தான்.